கம்பத்து மேல ஆரு?

ஆடிக் காற்றில் தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் சேரன்மகாதேவித் தெருவில் கரண்ட் போகும், ஆள் வருவார். வந்தவர் நிரந்தரமா, காண்ட்ராக்டா என்று கம்பம் கேட்பதில்லை. தெரு கேட்கும்: “ஏ, வாரியத்து ஆளா, காண்ட்ராக்டுக்காரரா?”

சட்டம் நாள் கணக்குக் கேட்கும். 1981ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டப்படி 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவருக்கு நிரந்தரத் தகுதி உண்டு. ரெஜிஸ்டரில் பெயர் ஏறாதவர் எதை வைத்து அந்த 480ஐ நிரூபிப்பார்? கம்பமா வந்து சாட்சி சொல்லும்!

போராடிப் போராடி, அவர்கள் கோரிக்கையை விசாரித்த நீதிபதி காலித் ஆணையத்தின் பரிந்துரையால் 1990களில் மின்வாரியத்துக்குள் நுழைந்த ஒப்பந்தத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில். நிரந்தரச் சம்பளத்தோடு, அடுத்த தலைமுறைக் காண்ட்ராக்டுக்காரருக்கு “நாங்களும் இப்படித்தான் ஏறினோம், பொறும்வே” என்று புத்தி சொல்லும் உரிமையும் சிலருக்குக் கிடைத்தது.

2001இல் பொதுத்துறை உருக்கு நிறுவனமான ஸ்டீல் அதாரிட்டியின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவை இன்னும் சாத்தியது: ஒப்பந்த முறையைத் தடை செய்தாலே தொழிலாளி தானாக நிரந்தரமாகிவிட மாட்டார். தீர்ப்பைப் படித்துவிட்டு ஏணியை எடுத்தவர் யாரென்று சொல்லத் தேவையில்லை. ஏணியைப் பிடித்துக்கொள்ள மட்டும் நிரந்தர ஊழியர் ஒருவர் கீழே நின்றார்.