அண்டர்டேக்கரின் ஏழு சாவுகள்: கிள்ளைக் கோட்பாடு குறித்த ஓர் ஆய்வு

அமெரிக்க மல்யுத்த வீரர் அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது தொண்ணூறுகளில் சிதம்பரத்தை அடுத்த கிள்ளைப் பையன்களிடையே ஐயந்திரிபற நிலவிய முடிபு. இதற்கு ஏட்டுச் சான்றும் இல்லை, கல்வெட்டுச் சான்றும் இல்லை. முடசலோடை மணலில் கட்டிப் புரண்டவர்கள் சொன்னார்கள். தைக்கால் பக்கத்துப் பையன்கள் ஒத்துக்கொண்டார்கள். சிதம்பரத்துக்குப் படிக்கப் போனவர்கள் அங்கேயும் இதே எண்ணைக் கேட்டுவிட்டு வந்தார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று மூலங்கள் ஒத்துப்போனால் ஒரு செய்தியை ஏற்கலாம் என்பது வரலாற்று முறையியல். மூன்றுக்கும் மூலம் ஒரே அண்ணனாக இருந்திருக்கலாமே என்று கேட்பது பண்பாடன்று.

இக்கோட்பாட்டைச் சோதிக்க அன்று வழி இருக்கவில்லை. கேபிளில் ஒருமுறை ஓடியது ஓடியதுதான். அந்த நேரத்தில் மின்சாரம் போயிருந்தால் யார் ஜெயித்தார் என்பது மறுநாள் வகுப்பறையில் வாய்ச்சண்டையால் தீர்மானிக்கப்படும். தொண்ணூறுகளில் டபிள்யூ டபிள்யூ எஃப் என்ற பெயரில் இச்சண்டைகளை நடத்திய நிறுவனம் 2014 பிப்ரவரியில் தன் சொந்த நெட்வொர்க்கைத் தொடங்கி, பழைய நாடாக்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கியது. 2001-இல் போட்டிக் கம்பெனியான டபிள்யூசிடபிள்யூவை வாங்கியபோது கூடவே வந்த நாடாக்களும் அதில் சேர்த்தி. 2021-இல் அமெரிக்காவில் இந்தச் சொத்து பீகாக் தளத்துக்குக் கைமாறியபோது, இருப்பு 17,000 மணி நேரத்துக்கும் மேல் என்றார்கள். ஞாயிறுக்கு ஒரு மணி நேரம் என்ற பழைய வீட்டுச் சட்டப்படி பார்த்தால் இதற்கு ஏறத்தாழ 327 ஆண்டுகள் பிடிக்கும். 1990-இல் உட்கார்ந்திருந்தால் 2317-இல் எழுந்திருக்கலாம். இந்தியாவில் 2025 ஏப்ரல் 1 முதல் கடை நெட்பிளிக்ஸில். அவ்வளவு ஆயுள் நமக்கு விதிக்கப்படாததால் இவ்வாய்வு சாவுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறது.

முதலில் சாவு எது என்று வரையறுக்க வேண்டும். தோற்பது சாவாகாது. பெட்டியில் அடைத்தோ, மண்ணில் புதைத்தோ, தீயிட்டோ ஒருவரை ஒழித்துக்கட்டி, அதன் பிறகு கொஞ்ச காலம் அவர் தலை தென்படாமல் போனால், அது சாவு.

1994 ஜனவரி 22, ராயல் ரம்பிள். யோகோசுனாவும் அவருக்குத் துணைக்கு வந்த ஒரு கூட்டமும் சேர்ந்து நம்மவரைச் சவப்பெட்டியில் திணித்தார்கள். பெட்டியிலிருந்து புகை வந்தது. அரங்கின் திரையில் அவர் முகம் தோன்றி உரை நிகழ்த்தியது. பிறகு அவர் உருவம் கூரையை நோக்கி எழும்பிப் போனது. ஆகஸ்டில் திரும்பினார். 1996 அக்டோபர் 20: மேன்கைண்டோடு ‘உயிரோடு புதைக்கும்’ போட்டி. இதில் அவர்தான் வென்றார், வென்றவரையே புதைத்தார்கள். கடைசியில் மண்ணைக் கிழித்துக்கொண்டு ஒரு கை வெளியே வந்தது. கிள்ளையில் அன்றிரவு எத்தனை பேர் தனியாகக் கொல்லைக்குப் போக மறுத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது. 1998 ஜனவரி 18: பெட்டியைப் பூட்டித் தம்பி கேன் தீ வைத்தார். அதே ஆண்டு டிசம்பர் 13: ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் பொக்லைன் வைத்து மண்ணைத் தள்ளினார்; குழிக்குள் அடித்து வீழ்த்தியவர் மறுபடியும் கேன். 2003 நவம்பர் 16: முதலாளி வின்ஸ் மெக்மேன் புதைத்தார், உதவி கேன். 2005 அக்டோபர் 9: ஆர்ட்டன் அப்பாவும் பிள்ளையுமாகப் பெட்டியைக் கோடரியால் பிளந்து கொளுத்தினார்கள். 2010 அக்டோபர் 24: கேன்.

கூட்டிப் பார்த்தால் ஏழு.

இவற்றில் நான்கில் தம்பியின் கை இருப்பதை வாசகர் கவனித்திருப்பார். பாகப்பிரிவினை இல்லை, பொதுக் கிணறு இல்லை, வேலித் தகராறுகூட இல்லை. ஆனாலும் பங்காளிச் சண்டை இந்த அளவுக்குப் போயிருக்கிறது. நம் மாவட்டத்து நீதிமன்றங்களில் இதைவிட முகாந்திரம் உள்ள வழக்குகள் இதைவிடக் குறைந்த தீவிரத்தோடு நடக்கின்றன.

இனி ஆய்வின் மையப் பிரச்சினை. பையன்கள் ஏழு என்று சொன்னபோது நடந்திருந்தவை மிஞ்சிப்போனால் நான்கு. மீதி மூன்றை நிறுவனம் நடத்தி முடிக்க 2010 வரை ஆனது. ஆக, கிள்ளைக் கோட்பாடு நடந்ததைப் பதிவு செய்யவில்லை. நடக்க வேண்டியதை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அமெரிக்கா வந்து சேரும்வரை காத்திருந்தது.

மறுப்புகளும் உண்டு. 1996 மே மாதம் கோல்டஸ்ட்டோடு நடந்த பெட்டிப் போட்டியைச் சேர்த்தால் எட்டு ஆகாதா என்பார்கள். ஆகாது. அன்று பெட்டியைத் திறந்தபோது உள்ளே ஆள் இல்லை, புகைதான் இருந்தது. இது ‘காணவில்லை’ வகை. காவல் நிலையத்திலும் இதற்கு வேறு பிரிவுதான். அதே ஆண்டில் வந்த ‘கிலாடியோன் கா கிலாடி’ இந்திப் படத்தில் அக்ஷய் குமாரிடம் அடிவாங்கினாரே என்பது அடுத்த மறுப்பு. அது பிரையன் லீ. 1994 ஆகஸ்டில் அசல் அண்டர்டேக்கர் திரும்பி வந்தபோது அவருக்கு எதிரே நின்ற போலி அண்டர்டேக்கரும் இதே பிரையன் லீதான். போலியின் சாவு அசலின் கணக்கில் வராது.

எண்ணை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் பயிற்சி பையன்களுக்கு எங்கே கிடைத்தது? கூத்தில்தான் என்பது நம் துணிபு. இந்த வட்டாரத்துத் திரௌபதி அம்மன் விழாக்களில் பதினெட்டாம் போரன்று துரியோதனன் படுகளம் நடக்கும். தரையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் படுத்திருக்க, அதைச் சுற்றி வேடம் கட்டிய பீமனும் துரியோதனனும் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். இடுப்புக்குக் கீழே அடிக்கக் கூடாது என்பது கதாயுத்த விதி. கிருஷ்ணன் வெளியே நின்று தொடையைக் காட்டிச் சைகை செய்கிறான். பீமன் தொடையில் அடிக்கிறான். பலராமர் ஆட்சேபித்தார், ஆட்சேபம் ஏற்கப்படவில்லை. கயிற்றுக்கு வெளியே மேலாளர் நின்று சைகை செய்வது, நடுவரின் தீர்ப்பு எடுபடாமல் போவது ஆகிய இரண்டையும் அமெரிக்கர்கள் தாம் கண்டுபிடித்ததாக எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

சிதம்பரத்தின் பங்கு இன்னும் பெரிது. மல்யுத்தத் தொழிலில் ‘தோற்றவர் ஊரை விட்டுப் போக வேண்டும்’ என்று ஒரு பந்தயம் உண்டு. தில்லையில் நடராசருக்கும் காளிக்கும் நடந்த ஆட்டம் வேறென்ன? ஊர்த்துவ தாண்டவம் என்ற ஒரே ஒரு முடிப்பு அடவு. காளி ஊர் எல்லைக்குப் போய் அங்கேயே கோயில்கொண்டாள். மறுபோட்டி அறிவிக்கப்படவில்லை. அந்த முடிவு நியாயமானதா என்று எல்லைக் கோயிலுக்குப் போகிறவர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும்.

இப்படி வளர்ந்தவர்களிடம் வந்து ‘இதெல்லாம் நிஜமா, நடிப்பா?’ என்று கேட்பது பொருளற்றது. 1989-இல் நியூ ஜெர்சி மாநிலத்தில் வரியையும் உரிமக் கெடுபிடியையும் தவிர்க்க நிறுவனமே இது விளையாட்டல்ல, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. அங்கே பலருக்கு இது அதிர்ச்சியாம். படுகளத்தில் செத்த துரியோதனன் அரிதாரத்தோடு டீக்கடையில் நிற்பதைப் பார்த்த ஊருக்கு இதில் என்ன செய்தி இருக்கிறது? அவன் செத்ததும் உண்மை, டீ குடித்ததும் உண்மை.

மாறாக, ஆவணக் காப்பகத்தின் நம்பகத்தன்மைதான் கேள்விக்குரியது. பாட்டு உரிமைப் பிரச்சினையால் பல பழைய சண்டைகளில் நுழைவு இசையையே மாற்றி ஒட்டியிருக்கிறார்கள். ஆறாம் ரெஸில்மேனியாவில் ராடி பைப்பர் பாதி உடலில் கறுப்புச் சாயம் பூசி வந்த பகுதியை 2021-இல் பீகாக் வெட்டி எறிந்தது. எறிந்ததில் தவறில்லை, ஆனால் எறிந்த இடத்தில் ஒரு குறிப்பாவது வைத்திருக்கலாம். 2002 முதல் 2012 வரை வந்த மறுபதிப்புகளில் டபிள்யூ டபிள்யூ எஃப்-இன் கீறல் எழுத்துச் சின்னம் தெரிந்த இடமெல்லாம் மங்கலாக்கப்பட்டது. அந்த மூன்றெழுத்தின்மீது வழக்குப் போட்டு வென்றது பாண்டாக் கரடிச் சின்னம் கொண்ட இயற்கை நிதியம். கிள்ளைக்காரன் இதில் எந்தப் பக்கம் சேருவது? வீட்டுக்குப் பக்கத்தில் பிச்சாவரம் சதுப்புக்காடு, 2022 முதல் ராம்சார் தலம். அது கரடிக் கட்சி. வீட்டுக்குள் டிவி, அது மற்ற கட்சி.

எட்டாவது சாவுக்கு இனி வாய்ப்பில்லை. 1990 நவம்பர் 22 அன்று அறிமுகமான அண்டர்டேக்கர், 2020 நவம்பர் 22 அன்று விடைபெற்றுத் தன் காலாலேயே நடந்து வெளியேறினார். ஏழு என்பதை இறுதி எண்ணாகக் கொள்ளலாம்.

தீராமல் நிற்பது, வீரர்களின் ரேங்கும் மார்பளவும் அச்சிட்டு வந்து பையன்கள் ஆடிய ட்ரம்ப் கார்டு விவகாரம் ஒன்றுதான். ஒரு கட்டில் ரேங்க் ஒன்றாக இருந்தவர் வேறு கட்டில் வேறு எண்ணில் இருந்திருக்கிறார். கம்பெனிக்கு ஒரு கட்டு, கட்டுக்கு ஒரு கணக்கு. மார்பளவுகளும் ஒத்துப்போகவில்லை. அந்தக் கார்டுகளை எந்த ஸ்ட்ரீமிங் தளமும் வாங்கி வைக்கவில்லை. கிள்ளையில் யார் வீட்டுப் பரணிலாவது முழுக் கட்டு இருந்தால், மேலாய்வுக்காகக் கடனாகத் தரலாம். பென்சிலால் ரேங்க் திருத்தப்பட்ட கார்டுகள் ஏற்கப்பட மாட்டா.