உருகுநிலைச் சிக்கல்: ஊவா மாகாண லயக் காம்பராக்களில் பேட்டி மெல்ட் – ஓர் அமைப்பியல், பின்னமைப்பியல், அடுப்பியல் ஆய்வு

1. ஆய்வின் தேவை

பேட்டி மெல்ட் என்பது ஓர் அமெரிக்கச் சிற்றுண்டி. தட்டையாக வாட்டிய இறைச்சி, பொன்னிறமாக வதங்கிய வெங்காயம், உருகிய சீஸ் மூன்றையும் இரண்டு பாண் துண்டுகளுக்கு நடுவில் வைத்து, வெளிப்புறம் இரண்டையும் வெண்ணெயில் மொறுமொறுவென்று சுட்டால் அது ஆயிற்று. இதை இலங்கையின் பதுளை மாவட்டத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயக் காம்பராவில், கடையில் செய்தது போலவே செய்வது எப்படி என்று இன்றுவரை எந்தக் கருத்தரங்கும் விவாதிக்கவில்லை. ஒரு பொருளை முன்பு யாரும் ஆராயவில்லை என்பதே அதை ஆராயப் போதுமான காரணம் என்று நம் ஆய்வுலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஏன் யாரும் ஆராயவில்லை என்று கேட்பது மரபன்று.

2. ஆய்வு எல்லை

மேற்கே வெலிமடை, தெற்கே ஹப்புத்தளை, கிழக்கே பசறையும் மடுல்சீமையும். ஊவா மாகாணத்தில் மொனராகலை மாவட்டமும் அடங்கும். ஆனால் பஸ் கிடைக்காததால் இவ்வாய்வில் அடங்கவில்லை.

3. முன்னாய்வுகள்

இல்லை. (விரிவுக்கு இயல் 1 காண்க. இயல் 1-இன் விரிவுக்கு இவ்வியல் காண்க.)

4. வரலாற்றுப் பின்புலம்

இந்தச் சிற்றுண்டியை லொஸ் ஏஞ்சலிஸ் பக்கம் உணவகம் நடத்திய டைனி நெய்லர் என்பவர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், முதலில் விற்றார் என்பது பெரும்பாலோர் கொள்கை. அவர் பதுளைக்கு வந்ததாகச் சான்று இல்லை. வரவில்லை என்பதற்கும் சான்று இல்லை. கொழும்பு கோட்டையிலிருந்து புறப்படும் இரயில்பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர் ஏறி வளைந்து பதுளையில்தான் முடிகிறது. அதற்கு மேல் போக வழியில்லாததால், வந்த பண்டங்கள் எல்லாம் இங்கேயே தங்கிவிட்டன என்று ஒரு கோட்பாடு கட்டலாம். கட்டினோம்.

இனி ஆண்டு ஒப்பீடு. தோட்டப் பாதைகளில் பாண் விற்கும் முச்சக்கர வண்டி ஒரு மெட்டை ஒலித்துக்கொண்டு வரும். அது பீத்தோவன் 1810-இல் எழுதிய 'ஃபூர் எலீஸ்'. அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்து, 1867-இல்தான் அது அச்சேறியது. அதே 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். மெட்டு அச்சேறிய ஆண்டே அதைக் கேட்டுப் பாண் வாங்கப் போகிறவர்களின் தலைவிதியும் நடப்பட்டது. இன்னுமொன்று. எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம் 1921-இல் கட்டி முடிந்தது. அதே 1921-இல் பிரான்ஸில் லியோன் பெல் என்பவர் சிரிக்கும் மாட்டைச் சீஸ் பெட்டிக்கு வணிகப் பெயராகப் பதிவு செய்தார். இங்கே பாலம் எழுந்தது, அங்கே மாடு சிரித்தது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இதைவிட மெலிந்த தொடர்பை வைத்து முந்நூறு பக்கம் எழுதிப் பட்டம் பெற்றவர்கள் ஓய்வூதியமும் பெற்றுவிட்டார்கள்.

5. மூலப்பொருள் ஆய்வு

5.1 பாண். அமெரிக்கர் ரை என்ற தானியத்தின் மாப் பாணைப் பயன்படுத்துவர். நமக்கு வாய்த்தது 450 கிராம் அச்சுப் பாண், பழைய வழக்கில் ஓர் இறாத்தல். ரோஸ் பாண் மொறுமொறுப்பில் மேல். ஆனால் அதன் வடிவம் இயல் 6-இல் வரும் கணிதத்துக்கு ஒத்துழைக்காது. ஆகவே நீக்கப்பட்டது. தரவு கருதுகோளுக்கு ஒத்துவராவிட்டால் தரவை நீக்குவதே முறை. புதுப் பாண் அமுக்கினால் களியாகும். முதல் நாள் பாணே உத்தமம். தோட்டத்து ரொட்டியில் செய்தால் என்ன என்றொரு கேள்வி எழலாம். கோதுமை மா ரொட்டி கட்டச் சம்பலோடு தன் வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறது. அதைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

5.2 மாஜரின். பாணின் வெளிப்பக்கம் பூசுக.

5.3 வெங்காயம். அமெரிக்கர் அரைமணி நேரம் நின்று வதக்கும் வெங்காயத்தின் இடத்தில் நமக்குச் சீனிச் சம்பல் உண்டு. பம்பாய் வெங்காயத்தை மெல்லியதாக அரிந்து, கறுவா, ரம்பை, மாசி, நொறுக்கிய செத்தல் மிளகாய் சேர்த்து மெல்லிய தீயில் வதக்கி, சீனியும் புளியும் விட்டு இறக்குவது. வெங்காயத்தில் நீர் இருக்கும்வரை அதன் சூடு நீரின் கொதிநிலையைத் தாண்டாது. ஹப்புத்தளை ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே நீர் 95 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். பழுப்பையும் மணத்தையும் தரும் வினையோ – பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விவரித்தது – 140 பாகை அளவில்தான் வேகம் எடுக்கும். நீர் வற்றாமல் நிறம் வராது. புளியின் அமிலமும் அந்த வினையைத் தாமதப்படுத்தும் என்பதால் அதைக் கடைசியில்தான் விட வேண்டும். இதே முடிவை "தண்ணி வத்தட்டும், ஏன் பறக்குற?" என்று அப்பாயி சுருங்கச் சொல்லியிருக்கிறார் (அப்பாயி, வாய்மொழி, அடுப்படி). அப்பாயி மயாரை மேற்கோள் காட்டவில்லை. அக்காலத்து ஆய்வு ஒழுக்கம் அவ்வளவுதான்.

5.4 இறைச்சி. மாட்டிறைச்சி பல வீடுகளில் ஏறாது. எனவே கட்லட். வெலிமடை உருளைக்கிழங்கை அவித்து, நீர் இல்லாமல் மசித்து, வடித்த டின் மீன், மிளகுத் தூள், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, தேசிக்காய்ப் புளி சேர்த்துப் பிசைந்து, உருட்டாமல், அரை சென்ரிமீற்றர் கனத்தில் பாண் துண்டின் அளவுக்குத் தட்டுக. உருட்டினால் அது கலியாண வீட்டுக் கட்லட், தட்டினால்தான் ஆய்வுப்பொருள். இரு பக்கமும் எண்ணெயில் வாட்டி எடுக்கவும். மீன் டின் விலை ஏறிய மாதத்தில் சோயா. அதுவும் ஏறினால் கிழங்கு மட்டும். (காண்க: அம்மா, "இருக்கிறத வச்சு செய்", பல பதிப்புகள்.)

6. சீஸ்: வட்டத்தைச் சதுரமாக்கும் சிக்கல்

இவ்வியலே இந்த ஆய்வின் உயிர். ஏனைய இயல்கள் பக்க எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்பட்டவை.

கடையில் கிடைக்கும் சீஸ் வட்டப் பெட்டியில் எட்டு முக்கோணங்களாக, ஒவ்வொன்றும் வெள்ளித்தாள் சுற்றி, உரிக்கச் சிவப்பு நூல் வைத்து வரும். பாண் துண்டோ சதுரம். வட்டத்துக்குச் சமமான பரப்புள்ள சதுரத்தைக் கவராயமும் அடிமட்டமும் மட்டும் கொண்டு வரைய முடியாது என்று ஜெர்மானியக் கணித அறிஞர் லின்டமன் 1882-இல் நிறுவிவிட்டார். கிரேக்கர் காலத்திலிருந்து அறிஞர்கள் முட்டி மோதிய சுவர் அது. அந்தச் சுவரில் இன்று மாலை நாலரை மணிக்கு, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்குப் பசிக்கும்போது, பசறைப் பக்கத்துத் தாய் ஒருத்தி முட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கணக்கைப் பார்ப்போம். பெட்டியின் விட்டம் 11 சென்ரிமீற்றர், பாணின் பக்கம் 10 சென்ரிமீற்றர் என்று கொள்வோம். எட்டு முக்கோணமும் சேர்ந்த பரப்பு 95 சதுர சென்ரிமீற்றர், பாண் 100. முழுப் பெட்டியையும் ஒரே பாணில் வைத்தாலும் ஐந்து சதுர சென்ரிமீற்றர் பற்றாக்குறை. ஆனால் முழுப் பெட்டியை ஒரே பாணில் வைக்கும் குடும்பம் இப்பிரதேசத்தில் இல்லை. நடைமுறையில் ஆளுக்கு இரண்டு முக்கோணம், அதாவது பாணில் 24 விழுக்காடு. எஞ்சிய 76 விழுக்காட்டை ஆய்வுலகம் 'விளிம்புநிலை' என அழைக்கும்.

இந்த இரண்டு முக்கோணங்களை எங்கே வைப்பது என்பதில் மூன்று பள்ளிகள் உண்டு.

மூலைவாதிகள்: ஒரு முக்கோணத்தின் கூர்முனை 45 பாகை, இரண்டைச் சேர்த்தால் 90. பாணின் மூலையும் 90. ஆகவே இரண்டும் சேர்ந்து ஒரு மூலையில் இடைவெளியின்றிப் பொருந்தும் என்பது இவர்கள் வாதம். வடிவியலில் பிழை இல்லை. ஆனால் மற்ற மூன்று மூலைகளைக் கடிக்கும் பிள்ளை என்ன நினைக்கும் என்பதை இவர்கள் எழுதவில்லை.

மையவாதிகள்: நடுவில் வை, தானாகப் பரவும் என்பர். தலைநகரில் வைத்தால் மலைக்குத் தானாக வந்து சேரும் என்ற நம்பிக்கை இது. இப்பள்ளிக்கு அரசாங்க ஆதரவு நெடுங்காலமாக உண்டு.

சிதறல்வாதிகள்: பிய்த்துப் பிய்த்து எங்கும் போடு என்பர் (பக்கத்துக் காம்பராச் சித்தி, குழாயடி உரை, திருத்திய இரண்டாம் பதிப்பு, முதற்பதிப்பில் இருந்த வேறு சிலரைப் பற்றிய பகுதிகள் சமாதானத்துக்காக நீக்கப்பட்டன). இதற்கு எதிராக, பிய்த்தால் கையில் பாதி ஒட்டிக்கொள்ளும் என்றொரு மறுப்பு உண்டு (காலண்டர் தாளின் பின்புறம், மஞ்சள் கறை படிந்த ஒற்றைப் பிரதி, முன்புறத்தில் அன்றைய இராகு காலம், சமையல் குறிப்புக்கும் இராகு காலத்துக்கும் உள்ள உறவு தனி ஆய்வுக்குரியது).

சீஸ் பெட்டி எந்நாளில் வீட்டுக்கு வந்தது என்பதற்கு முதன்மைச் சான்று கடைக் கணக்குக் கொப்பி ("பாக்கி" எனும் இயல், அழித்தெழுதிய மூன்றாம் வரி, கார்பன் தாள் பிரதியுடன் ஒப்புநோக்கியது). இதில் பாடபேதம் கடுமை. மூலபாடம் "சீஸ் 1" என்கிறார் முதலாளி. "சீனி 1" என்பதே சரியான பாடம், 'ஸ்' என்பது இடைச்செருகல் என்கிறார் அப்பா. முதலாளியின் உரைக்குக் கையெழுத்து ஆதாரம் உண்டு. அப்பாவின் உரைக்குக் குடும்ப ஆதாரம் உண்டு. இரண்டையும் சமன்செய்து ஒரு செம்பதிப்பு கொண்டுவரும் பொறுப்பு சம்பள நாளுக்குத் தள்ளிப்போடப்பட்டது. சங்க நூல்களின் பாடபேதங்களுக்காக ஒருவரோடொருவர் பேசாமல் போன பெரியோர் நம்மில் உண்டு. முதலாளியும் அப்பாவும் மறுநாளே பேசிக்கொண்டார்கள். ஆகவே அவர்களை அறிஞர் வரிசையில் சேர்க்க இயலாது.

பொருளாதாரப் பின்னணி ஒரு வரி: தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபா ஆவதற்கு 2021 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, 2024-இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆயிற்று. ஒரு பெட்டிச் சீஸின் விலையை அதனால் வகுத்துக்கொள்வதை வாசகருக்கே விடுகிறோம். எட்டு முக்கோணத்தையும் நான்கு பேருக்கு இரண்டிரண்டாக வகுத்தபின், வெள்ளித்தாளில் ஒட்டியதை நகத்தால் வழித்து உண்ணும் ஐந்தாம் நபர் யார் என்பதை மலையக உணவுப் பண்பாடு பற்றிய எந்தக் கட்டுரையிலும் நான் படித்ததில்லை. அவர்தான் பெட்டியை வாங்கியவர். அன்று காலையில் கொழுந்து பறித்தவரும் அவர்தான்.

இனிச் சிக்கலின் தீர்வு. இவ்வகைச் சீஸில் சிட்ரேற்று, பொஸ்பேற்று உப்புகள் சேர்க்கப்பட்டிருப்பதால், சூடு பட்டால் கொழுப்பு தனியே பிரியாமல் முழுவதும் இளகி ஓடும். கல்லில் வைத்து மூடினால் முக்கோணம் முக்கோணமாக இருக்காது. மூலைக்கும் மையத்துக்கும் இடையில் இருந்த தகராறு சில நிமிடங்களில் கரைந்துவிடும். கவராயத்தாலும் அடிமட்டத்தாலும் முடியாது என்று லின்டமன் சொன்னது உண்மை. அவர் அடுப்பைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

7. செய்முறை

பாண், சீஸ் ஒரு முக்கோணம், கட்லட், சீனிச் சம்பல், மறு முக்கோணம், பாண். சீஸ் இருபுறமும் இருந்தால்தான் பாணும் கட்லட்டும் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய தீ. கவ்வாத்து வெட்டிக் காய்ந்த தேயிலை மிலாறு சடசடவென்று எரிந்து சட்டென்று அணையும். அதன் சுவாலையில் வைத்தால் பாண் கருகும், சீஸ் கல்லாக இருக்கும். தணல் விழுந்தபின் ரொட்டிக் கல்லை வைக்கவும். மூன்று நிமிடம் மூடி, திருப்பி, மீண்டும் மூன்று.

மேலே பாரம் வேண்டும். அமெரிக்கர் இதற்கென இரும்புக் கட்டி விற்கிறார்கள். நம்மிடம் அம்மிக் குழவி இருக்கிறது. ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வைத்தால் போதும். குழவியில் மிளகாய் வாசம் மிச்சமிருந்தால் அது பண்பாட்டுக் கலப்பு எனப்படும். கழுவிவிட்டால் பண்பாட்டு அழிப்பு எனப்படும். இரண்டுக்கும் கட்டுரை எழுத ஆள் உண்டு.

8. பானம்

சாயத்தண்ணி. ஜூலை முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று வீசும்போது ஊவாத் தேயிலைக்கு வரும் குளிர்ந்த மணத்தை உலகமே விலை கொடுத்து வாங்குகிறது. அந்த மணமுள்ள தேயிலை கொழும்பு ஏலத்துக்குப் போய்விடும். லயத்துக் கேத்தலில் கொதிப்பது தூள். இந்த இயலை இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

9. முடிவுகள்

அ) இது உண்மையான பேட்டி மெல்ட்தானா என்ற வினாவுக்கு விடை: சூடாக இருக்கும்வரை ஆம்.

ஆ) ஆறிவிட்டால் இது நடுவில் கட்லட் ஒட்டிய பழைய பாண். எந்தக் கோட்பாட்டாலும் அதை மீட்க முடியாது. ஆகவே எழுதுவதற்கு முன் சாப்பிடவும்.

இ) மேலதிக ஆய்வு தேவையில்லை. இப்படி முடியும் ஆய்வுக் கட்டுரை இதுவாகத்தான் இருக்கும்.

ஈ) லயங்களுக்கு வினாக்கொத்தோடு வரும் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்து, "உங்கள் பாரம்பரிய உணவு என்ன?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகிறீர்கள். அடுத்த முறை வரும்போது ஒரு பெட்டிச் சீஸ் வாங்கிக்கொண்டு வாருங்கள். எட்டையும் நீங்களே பங்கிடுங்கள், முதல் இரண்டை அம்மாவிடம் கொடுங்கள். குடித்த கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போங்கள்.