கேமராப் புணரியல்

பெட்டி நிலைமொழி, லென்ஸ் வருமொழி. இரண்டும் கூடுமிடத்தில் மணிக்கட்டுக்கு நேர்வதை ஆராய்வது இவ்வியல்.

பெட்டியும் லென்சும் எடையொத் தியலின்
மணிக்கட்டு நோவா தென்மனார் புலவர்.

எதுகை எங்கே என்பார்க்கு விடை: ஆசிரியர் பெரிய ஜூம் லென்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாத்த நூற்பா இது.

ஆய்வுக்களம் அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலம். பஸ்சில் நின்றபடி போகலாம். வழியில் சுண்ணாம்புக்கல் லாரிகளின் புழுதி உண்டு. பழைய சிவன் கோயிலுக்குள் இருட்டும் உண்டு. ஃபிலிம் கேமராவைச் சோதிக்க வேறென்ன வேண்டும்? ஒரு கை மேல்கம்பியில், கேமரா மார்பில். டிரைவர் பிரேக் போட்டதும் அது என்ன செய்கிறது என்பதே இலக்கணம்.

முதற்கண் பகாப்பதம். பிரித்தால் பொருள் தராது; லென்ஸ் உடலோடு பிறந்தது. பரணில் கிடக்கும் ஆக்ஃபா கிளிக் III இவ்வினம். 1966-இல் வந்த ரோலை 35-உம் இதுவே. சட்டைப் பைக்குள் அடங்கும், ஆனால் ஃபிளாஷ் மாட்டும் இடம் அடியில் இருக்கிறது. வடிவமைத்தவர் தலைகீழாக நின்று யோசித்தாரோ என்னவோ. ஒலிம்பஸ் டிரிப் 35-க்கு பேட்டரியே வேண்டாம். லென்சைச் சுற்றியுள்ள செலினியம் வெளிச்சத்தை அளக்கும். ஆட்டோ முறையில் வைத்து மண்டபத்துக்குள் நுழைந்தால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி காட்டி, 'மாட்டேன்' என்று ஷட்டரைப் பூட்டிக்கொள்ளும். அதன் நேர்மை பாராட்டத்தக்கது, படம்தான் கிடைக்காது.

அடுத்தது இயல்புப் புணர்ச்சி: சேர்ந்தபின் இரண்டும் மாறாமல் நிற்பது. யோஷிஹிசா மைதானி வடிவமைத்து 1972-இல் வெளிவந்த ஒலிம்பஸ் ஓஎம்-1 ஏறத்தாழ அரைக்கிலோ. அதில் 50 மி.மீ. எஃப் 1.8 லென்சை மாட்டினால் கழுத்தில் நேராகத் தொங்கும், பிரேக்குக்கும் அசையாது. 1976-இன் பென்டாக்ஸ் எம்இ-யோடு 40 மி.மீ. எஃப் 2.8 சேர்ந்தால் இன்னும் நயம். அந்த லென்ஸ் 18 மி.மீ. தடிமன், 110 கிராம். அடையைப் போல் தட்டை. ஃபோகஸ் வளையம் மிக ஒல்லி என்பதால் தடித்த விரல்காரர் தேடித் தடவவேண்டும்; அது அழகுக்குக் கொடுக்கும் வரி. இங்கே ஒரு தடை எழும்: 'எஃப் 1.4 இருட்டுக்கு நல்லதன்றோ?' அன்று. 1.8-ஐவிட அது தருவது முக்கால் ஸ்டாப்புக்கும் குறைவு. அதற்காகக் கூடுதல் கண்ணாடியை நாள் முழுக்கச் சுமப்பதைவிடத் தூணில் சாய்ந்து நின்று எடுக்கலாம்.

எடையைவிட நீளமே பகை. குட்டையான 300 கிராமைக் கை பொறுக்கும். அதே 300 கிராம் ஒரு சாண் நீண்டு நின்றால் நெம்புகோலாகி மணிக்கட்டை முறுக்கும்.

இனி விகாரம். திரிதல் என்பது சிறு பெட்டியில் 70-210 ஜூமை மாட்டுவது: லென்ஸ் முகம் குப்புறத் திரிந்து முன்சீட்டுக்காரர் பிடரியைத் தொடும். தோன்றல்: அதைச் சமன்செய்யப் பெட்டியின் அடியில் வைண்டர் தோன்றும், அதற்குள் நாலு பென்சில் பேட்டரி தோன்றும், கடைசியில் கழுத்துவலி தோன்றும். கெடுதல்: அடாப்டர் போட்டு வேற்றுமொழி லென்சை மாட்டுவது. சோவியத் ஜெனிட்டின் ஹீலியோஸை, திருத்துகண்ணாடி இல்லாத அடாப்டரால் நிக்கானில் பொருத்தினால் தூரத்து ஃபோகஸ் கெடும். கோயில் தூண் தெளிவாக விழும். பக்கத்துக் கங்கைகொண்ட சோழபுரத்து விமானத்தைத் தொலைவிலிருந்து எடுத்தால் மங்கும். ராஜேந்திர சோழன் எழுப்பியதை அடாப்டர் கரைத்துவிடும்.

புறனடை: ஜெனிட்டும் ஹீலியோஸும் தம்முள் சேர்வது இயல்புப் புணர்ச்சியே. இரண்டும் கனம், ஆகவே சமன். கைக்கடக்கம் என்று மட்டும் சொல்லற்க.

வாங்குவோர்க்கு: முதலில் ஓஎம்-1-உம் 50 எஃப் 1.8-உம் தேடுங்கள். அதன் மீட்டர் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்கு அமைந்தது; அது இன்று விற்பனையில் இல்லை. 1.5 வோல்ட் பேட்டரியை அப்படியே போட்டால் அளவு தப்பும். லென்சின் பின்புறம் டார்ச் அடித்து, பூஞ்சை இல்லை என்று கண்ட பிறகே பணத்தை எண்ணுங்கள்.