இலவசக் கல்விக்குப் பற்றுச்சீட்டு

மன்னாரில் கல்விக்கு ஆதரவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆதரவு வழிந்து ஓடுகிறது. விடுதி மண்டபத்தில் பதாகையே கட்டியிருக்கிறார்கள்: ‘ஆசிரியர், மாணவர், குடும்பங்களை வலுவூட்டும் செயலமர்வு’. காலையில் வரவுக் கையெழுத்து. பத்தரைக்குத் தேநீர். பிறகு குழுக் கலந்துரையாடல். பெரிய தாளில் வண்ணப் பேனையால் ‘சவால்கள்’ என்று தலைப்பு. மதியம் கோழிச் சோறு. கடைசியில் குழுப்படம். வலுவூட்டப்பட்ட ஆசிரியர் மறுநாள் பள்ளிக்கூடம் போகிறார். அங்கே கணிதத்துக்கு ஆள் இல்லை. போன தவணையும் இல்லை. அதையும் அந்தத் தாளில் எழுதியிருந்தார்கள். தாளைச் சுருட்டி யாரோ கொண்டுபோய்விட்டார்கள்.

மன்னார்த் தீவில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், சொன்னால் அதிபருக்குத்தான் இடமாற்றம் வரும். அங்கே விளையாட்டுப் போட்டி. அழைப்பிதழில் பிரதம அதிதி ஒருவர், சிறப்பு அதிதிகள் நால்வர், கௌரவ அதிதிகள் ஒரு பந்தி. இரண்டு மணிக்குத் தொடக்கம் என்று அச்சாகியிருந்தது. பாண்ட் வாத்தியப் பிள்ளைகள் ஒன்றரைக்கே வாசலில் நின்றார்கள். வாகனம் மூன்றரைக்கு வந்தது. அதற்குள் ஒரு சிறுமி மயங்கி, டீச்சர் தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் தெளித்தாயிற்று. அதிதி ஒலிவாங்கியைப் பிடித்தார்: பிள்ளைகள்தான் நாட்டின் எதிர்காலமாம். எதிர்காலம் வெயிலில் நின்றது. நிகழ்காலம் பந்தலில் இருந்து இளநீர் குடித்தது. பந்தலுக்கும் இளநீருக்கும் காசு கொடுத்தவர்கள் வேலிக்கு வெளியே நின்றார்கள். பெற்றோர்.

1945 முதல் இந்த நாட்டில் கல்வி இலவசம். அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா பெற்றுத் தந்தது. இன்று அந்த இலவசத்தை வாங்க வசதிக் கட்டணம் கட்ட வேண்டும். தவணைப் பரீட்சை வினாத்தாளுக்குக் காசு. பிரதி எடுக்கக் காசு. காவலாளிக்குக் காசு. உடைந்த கதிரைக்குக் காசு. அதிதிக்கு மாலை வாங்கவும் காசு. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு தருகிறார்கள். இலவசத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதும் கலையில் நம்மை மிஞ்ச ஆளில்லை.

கேட்டால் நிதி இல்லை என்பார்கள். 2012ல் பல்கலைக்கழக விரிவுரையாளர்கள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். அன்று முதல் அந்த ஆறு எல்லா மேடையிலும் ஏறுகிறது. வரவுசெலவுத் திட்டத்தில் மட்டும் ஏறுவதில்லை. அங்கே கணக்கு இரண்டை ஒட்டியே நொண்டுகிறது.

பணம் இல்லாத இடத்தில் பெயர் இருக்கிறது. மகிந்த ராஜபக்ச காலத்தில் ஆயிரம் இடைநிலைப் பாடசாலைகள், அவற்றுக்கு ‘மஹிந்தோதய’ ஆய்வுகூடங்கள். ‘நல்லாட்சி’ அரசு வந்தது; ‘அண்மையிலுள்ள பாடசாலை சிறந்த பாடசாலை’ என்றது. 2021ல் கோட்டாபய ஆட்சி ஆயிரம் தேசியப் பாடசாலைகள் என்றது. ஆயிரத்தில் இவர்களுக்கு அப்படி என்ன மோகமோ. பெயர்ப்பலகை எழுதுகிறவர் ஒருவர்தான் ஒவ்வொரு ஆட்சியிலும் முன்னேறினார். பிறகு கல்விச் சீர்திருத்தம் வந்தது. தரம் ஆறு ஆங்கிலப் பாடத் தொகுதியில் பிள்ளைகள் பார்க்கக் கூடாத இணையத்தள முகவரி ஒன்று அச்சாகிவிட்டது. 2026 ஜனவரியில் தரம் ஆறின் சீர்திருத்தத்தையே 2027க்குத் தள்ளினார்கள். பிள்ளை எழுத்துப்பிழை விட்டால் பத்து முறை எழுதவேண்டும். அமைச்சு பிழை விட்டால் பிள்ளைக்கு ஒரு வருடம் போகும்.

ஆசிரியர் பற்றாக்குறை பழங்கதை. யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று மன்னாருக்கு வருகிறவர் பையில் இடமாற்ற விண்ணப்பத்தோடுதான் இறங்குகிறார். அவரைத் திட்ட எனக்கு மனமில்லை. தங்க இடமில்லை, வெள்ளி மத்தியானம் ஏ32 வீதியால் ஊருக்குப் பஸ், திங்கள் விடிய முன் திரும்பப் பஸ். ஆள் தெரிந்தவருக்கு இடமாற்றம் கிடைக்கிறது. தெரியாதவர் நின்று மூன்று பாடம் படிப்பிக்கிறார். போனவர்களின் இடத்தை வருடக்கணக்காக நிரப்பியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். சம்பளம் இல்லை, சான்றிதழ் உண்டு. அவர்கள் நியமனம் கேட்டு வடக்கு ஆளுநர் வாசலில் குந்தியிருந்தபோது, தொண்டு தொண்டுதான் என்று உபதேசம் கேட்டார்கள். 2020ல் பட்டதாரிகளுக்கு 20,000 ரூபா கொடுத்துப் பயிலுனர் ஆக்கினார்கள். அவர்களில் பலர் இன்றும் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் வகுப்பில் நிற்கிறார்கள். வேலை ஆசிரியருடையது. பதவி இல்லை.

வன்னிக்கு ஆசிரியரை விரைவாக அனுப்ப அரசுக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. 2021 ஜூலை 8ஆம் திகதி கொழும்பில் ஆர்ப்பாட்டம் செய்த இலங்கை ஆசிரியர் சங்கச் செயலாளர் ஜோசப் ஸ்டாலினை, நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகும், தனிமைப்படுத்தல் என்று சொல்லி அன்றே முல்லைத்தீவு கேப்பாப்பிலவுக்கு ஏற்றி அனுப்பினார்கள். விண்ணப்பம் இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை, தாமதம் இல்லை. இந்த வேகத்தில் ஒரு விஞ்ஞான ஆசிரியரை அனுப்பியிருந்தால் மன்னார் சிலாவத்துறைப் பிள்ளை இன்று உயர்தரம் படித்திருக்கும்.

குடும்பங்களுக்கு ஆதரவு? பேசாலையிலும் பள்ளிமுனையிலும் வலையை இந்திய இழுவைப் படகு அறுத்துக்கொண்டு போகிறது. வலை போனால் அந்த மாதம் பிரத்தியேக வகுப்பும் போகும். அடுத்து மூத்த பொடியன் கடலுக்குப் போவான். வருகைப் பதிவேட்டில் அதை ‘இடைவிலகல்’ என்று எழுதுவார்கள். இடைவிலகலைக் குறைக்க இன்னொரு செயலமர்வு வரும்.

தீவின் தென்கரையில் ‘தம்பபவனி’யின் முப்பது காற்றாலைகள் சுற்றுகின்றன. நூறு மெகாவாட்டுக்கு மேல். அவ்வளவு நீளமான இறக்கைகளைத் தீவுக்குள் கொண்டுவரப் பாதை கிடைத்தது. ஆசிரியருக்குப் பஸ் கிடைக்கவில்லை. இன்னும் காற்றாலை வேண்டாம் என்று 2025 செப்டெம்பரில் சனம் வீதிக்கு வந்தது. பொலிஸ் தடியோடு வந்தது. அன்றைக்கு மட்டும் அரசு நேரத்துக்கு வந்தது.

மன்னார் நகரத்துக் கழுதைகளுக்கு ஒரு சிகிச்சை நிலையம் இருக்கிறது. ‘பிரிட்ஜிங் லங்கா’ அமைப்பு தொடங்கியது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளை அங்கே கழுதைகளோடு பழகவிட்டு ஆற்றுப்படுத்துகிறார்கள். நல்ல வேலை, கிண்டலுக்குச் சொல்லவில்லை. கிண்டல் கொழும்பில் இருக்கிறது. பிள்ளையின் பக்கத்தில் பொறுமையாக நிற்க ஒரு கழுதைக்கு முடிகிறது. ஒரு அமைச்சுக்கு முடியவில்லை.

ஆக, மன்னாரில் கல்வியை யார் ஆதரிக்கிறார்கள் என்பது தெளிவு. சம்பளமில்லாத தொண்டர் ஆதரிக்கிறார். மீன் விற்ற காசில் தாய் ஆதரிக்கிறாள். பஸ்ஸில் தூங்கும் ஆசிரியர் ஆதரிக்கிறார். அரசு இவர்களில் சாய்ந்து நிற்கிறது. மேடை ஏறினால் தான்தான் தாங்குவதாகச் சொல்கிறது.

பெற்றோரே, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016ல் வந்துவிட்டது. வக்கீல் வேண்டாம், செல்வாக்கு வேண்டாம், ஒரு தாள் போதும். எங்கள் பாடசாலைக்கு அனுமதித்த ஆசிரியர் எத்தனை, இருப்பவர் எத்தனை? வெற்றிடம் எந்தத் திகதியில் நிரம்பும்? எங்களிடம் வாங்கிய காசு எந்தச் சுற்றறிக்கைப்படி? மூன்றே கேள்வி. வலயக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும். இத்தனை வருடம் பற்றுச்சீட்டு வாங்கியவர்கள் நாம். இனிக் கணக்கு கேட்போம்.