ஐ-நைன் அண்ணாச்சி

விருதுநகர் மெயின் பஜாரில் மல்லியும் மிளகாய் வற்றலும் மூட்டை மூட்டையாகக் கைமாறும் கமிஷன் கடைகளில் தொடங்கி, சாத்தூர், திருத்தங்கல், சிவகாசி அச்சுக்கூடங்கள் ஈறாக, எந்தத் தெருமுனையில் நின்று விசாரித்தாலும் ஓர் ஐ-நைன் அண்ணாச்சியின் வாசஸ்தலத்தைக் காட்டிவிடுவார்கள். ஐம்பதை ஒட்டிய வயது, சலவை வேட்டி, நெற்றியில் அழியாத திருநீறு. ஆயுளில் ஒருநாளும் கம்ப்யூட்டரில் விளையாடிய பாவத்துக்கு ஆளாகாதவர். ஆயினும் சுற்றுவட்டாரத்தில் எந்த வீட்டுப் பிள்ளையாவது கேமிங் கம்ப்யூட்டர் வேண்டுமென்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டால், பணம் எடுத்துவைக்க வேண்டிய தகப்பனார் வாய் திறப்பதற்கு முன்பே அபிப்பிராயம் எடுத்துவைப்பவர் அவர்தான். அந்த அபிப்பிராயம் கால தேச வர்த்தமானங்களுக்குக் கட்டுப்படாதது. "வாங்குறதுதான் வாங்குற, ஐ-நைனா வாங்கிப் போடு!" ஐ-நைன் என்பது, ஐ-திரீ, ஐ-பைவ், ஐ-செவன் என்று ஏறிப்போகும் இன்டெல் கம்பெனியின் புராசஸர் வரிசையில் உச்சிப்படி.

பிறர் பணத்தில் தாராளம் காட்டுவது உலகெங்கும் உள்ள குணம்தானே என்று இதை ஒதுக்கிவிடலாகாது. ஏனெனில், அண்ணாச்சி தம் சொந்தப் பணத்திலும் இந்த ஒரு விஷயத்தில் இப்படியே. மற்ற விஷயங்களிலெல்லாம், ஒரு ரீம் ஆர்ட் பேப்பருக்கு இரண்டு ரூபாய் குறைப்பதற்காக மூன்று வியாபாரிகளுக்குத் தொலைபேசி செய்து, மூவரையும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம் வரும்படி செய்துவிட்டு, நான்காமவரிடம் வாங்கும் சாமர்த்தியசாலி. அத்தகைய மனிதர், புராசஸர் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில், பேரம் மறந்து, கணக்கு மறந்து, கைகூப்பி நின்றுவிடுகிறார் என்பதே இந்தப் பிரகிருதியின் விசேஷம்.

அதிலும் இவர் தொழில் லேபிள் அச்சடிப்பது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி வித்தையைக் கற்றுத் திரும்பி, 1923-இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்க, பெட்டிக்கு ஒட்ட லேபிள் வேண்டுமென்று அச்சுத்தொழில் வேர்பிடித்து, தீப்பெட்டியை அடுத்துப் பட்டாசு, பட்டாசை அடுத்துக் காலண்டர், டைரி என்று அது கிளைத்ததை ஊரார் அறிவர். அந்தப் பரம்பரையில் வந்த அண்ணாச்சிக்கு, ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் காகிதத்துக்கும் அதன் உள்ளே இருக்கும் சரக்குக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது என்பதை ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பட்டாசு கிப்ட் பாக்ஸின் மேல் பெரிய எழுத்தில் விலையை அச்சிட்டு, அதன் பக்கத்திலேயே எண்பது சதவீதம் தள்ளுபடி என்று பலகை வைக்கும் வழக்கத்தின் சூட்சுமமும் அவருக்கு மனப்பாடம். வெளியூரிலிருந்து வந்து அந்தத் தள்ளுபடியில் மயங்கி நிற்பவரைப் பார்த்து, "பாவம், அட்டையைப் படிச்சு வாங்குறாரு" என்று இரக்கப்படுபவர் அவர். அப்படிப்பட்டவர், அமெரிக்காவில் யாரோ ஒரு பெட்டியின் மேல் ஒன்பது என்று அச்சிட்டதைக் கண்டதும் பரவசமாகி விடுகிறார்.

அவருடைய தர்க்கம் எளியது. ஆயிரம் வாலாவைவிடப் பத்தாயிரம் வாலா அதிக நேரம் வெடிக்கும். ஆகையால் ஐ-பைவைவிட ஐ-நைன் அதிக நேரம் ஆடும். இதற்கு மறுப்புச் சொல்லும் துணிவு ஊரில் ஒருவனுக்கே உண்டு. அவன் அண்ணாச்சியின் அக்கா மகன். கோவையில் இன்ஜினீயரிங் முடித்து, மாமாவின் அச்சகத்தில் கணக்கு எழுதுவதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருப்பவன்.

"மாமா, அந்த நம்பரு ஒரு வரிசையில எந்தப் படின்னுதான் சொல்லும். எந்த வருஷத்து வரிசைன்னு பார்க்கணும்லா? நம்ம கணக்கு ரூம்ல கிடக்கே பழைய லேப்டாப்பு, ஐ-செவன்னு ஸ்டிக்கர் ஒட்டி, அதுக்கு உள்ள ரெண்டே கோரு. 2022-ல வந்த ஐ-திரீயிலேயே நாலு கோரு இருக்கு."

"ஏழுக்கு உள்ள ரெண்டு, மூணுக்கு உள்ள நாலா? எந்தக் கம்பெனிக்காரனாவது அப்படி அச்சடிப்பானா மருமகனே?" என்றார், அப்படி அச்சடித்தே பிழைக்கும் ஊரில் உட்கார்ந்துகொண்டு.

மருமகன் கூறியது மெய். 2016-இல் மடிக்கணினிகளுக்கென வந்த ஐ-செவன் 7500யூ என்பது இரண்டு கோர் கொண்டது. ஐ-திரீ 12100 நான்கு கோர் கொண்டது. விளையாட்டுக் கணிப்பொறியிலோ இந்தப் புராசஸரின் உத்தியோகமே வேறு. எதிரி எங்கே நிற்கிறான், எறிந்த குண்டு எங்கே விழும் என்ற கணக்கை அது போட்டு அனுப்ப, அந்தக் காட்சியைத் தீட்டிப் படமாக்கும் பெரும்பாடு முழுவதும் கிராபிக்ஸ் கார்டின் தலையில் விழுகிறது. கார்டு தீட்டி முடிக்காதவரை, எவ்வளவு கெட்டிக்காரப் புராசஸரானாலும் கைகட்டிக்கொண்டு நிற்க வேண்டியதே. ஆறு கோர் கொண்ட ஐ-பைவ் 12400எப் போன்ற நடுத்தரச் சரக்கு, ஒரு நல்ல கார்டுடன் சேர்ந்து, சாதாரண 1080பி திரையில் பெரும்பாலான விளையாட்டுகளைச் சளைக்காமல் நடத்திவிடும். 4கே திரைக்குப் போனாலோ பாரம் இன்னும் கார்டின் பக்கமே சாய்வதால், ஐ-பைவுக்கும் ஐ-நைனுக்கும் உள்ள பேதம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. நொடிக்கு இருநூற்று நாற்பது முறை புதுப்பிக்கும் திரையை வைத்துப் பந்தயம் ஆடுகிறவர்களுக்கும், வீடியோ எடிட்டிங்கில் ஜீவனம் செய்கிறவர்களுக்கும் உயர்தரம் வேண்டும்தான். அதை நான் மறுக்கவில்லை.

அண்ணாச்சியின் பட்ஜெட் ஒரு லட்சம். அதில், அந்த ஐ-பைவைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு விலையுள்ள ஐ-நைனுக்கும், அதற்கேற்ற மதர்போர்டுக்கும் காகிதத்தில் ஒதுக்கியபின், மிச்சமிருந்த தொகையைக் கண்டதும் அவருடைய இயற்கையான வியாபார புத்தி திரும்பிவிட, கிராபிக்ஸ் கார்டைப் பழைய சரக்காகப் பார்க்கச் சொன்னார், எஸ்.எம்.பி.எஸ். என்னும் கரண்ட் பெட்டியில் ஒரு கிலோ எடை இருந்தால் போதுமென்றார். திரைக்குக் கணக்கு அறையில் இருந்த பழைய மானிட்டரையே தூக்கி வைக்கலாமென்றார். அது நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கும் மானிட்டர். உள்ளே நொடிக்கு இருநூறு பிரேம் உற்பத்தியானாலும் அறுபதுக்குமேல் காட்டாது. இவ்வளவும் யாருக்கென்றால், நாள் முழுதும் வேலரன்ட் ஆடும் பன்னிரண்டாம் வகுப்பு மகனுக்கு. சுமாரான கணிப்பொறியிலும் ஓடவேண்டும் என்று கருதியே செய்யப்பட்ட விளையாட்டு அது.

அவர் குறிவைத்த ஐ-நைன் 14900கே முழு வேகத்தில் ஓடும்போது 253 வாட் வரை இழுக்கும். மூன்று சீலிங் பேன்களை ஒருசேரச் சுழலவிடப் போதுமான மின்சாரம். சூடு நூறு டிகிரியைத் தொட்டால் தானே வேகத்தைத் தணித்துக்கொள்ளும் புத்தி அதற்கு உண்டு. கத்திரி வெயிலில் சிவகாசியில் தகரம் வேய்ந்த மாடியறை ஒன்றில் அதை வைத்தால், ஒன்பது என்ற விலைக்கு வாங்கியது எத்தனையாகத் தணிந்து உழைக்கும் என்பதை மாடியறையில் படுத்துத் தூங்க முயன்ற எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

மருமகன் வேறோர் அஸ்திரத்தையும் பிரயோகித்தான். போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. 2023 ஏப்ரலில் கொணர்ந்த ரைசன் செவன் 7800எக்ஸ்3டி, எட்டே கோர் வைத்துக்கொண்டு, 96 எம்.பி. கேஷ் என்னும் அருகு நினைவகத்தின் பலத்தால், தன்னைவிட விலை மிகுந்த ஒன்பதுகளை எத்தனையோ விளையாட்டுகளில் முந்தியதை விஸ்தாரமாகச் சொன்னான். அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டு, "ஏழுன்னு போட்டிருக்கான்னா அதுக்கு மேல இன்னும் ரெண்டு இருக்குன்னுதானே அர்த்தம்?" என்றார்.

2024-இல் இன்டெல்லின் பதின்மூன்றாம், பதினான்காம் தலைமுறைப் புராசஸர்கள் பல, அளவுக்கு மிஞ்சிய வோல்டேஜால் நிலைகுலைந்து, ஆட்டத்தின் நடுவே விழத்தொடங்கியபோது, உலகமெங்கும் ஐ-நைன்காரர்கள் கலங்கினார்கள். கம்பெனி மைக்ரோகோடைத் திருத்தி வெளியிட்டு, வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. பத்திரிகைச் செய்தியை மருமகன் வெற்றிக்களிப்போடு நீட்ட, அண்ணாச்சி அதில் தமக்கு வேண்டிய வரியை மட்டும் பொறுக்கிக்கொண்டார். "மூணு வருஷ வாரண்டி அஞ்சாயிருச்சு பாத்தியா! நீ சொல்லுற பன்னெண்டாயிரத்து நானூறுக்குக் குடுத்தானா?"

இதில் என் மனத்தை உறுத்துவது ஒன்றுதான். அச்சகத்தின் பின்கட்டில் ஒரு டிசைனர் இருக்கிறார். ஆடிப் பதினெட்டுக்கு வெளியிட வேண்டிய காலண்டர் ஆல்பத்துக்காக, லட்சுமியும் முருகனும் பன்னிரண்டு நிறச்சாயலில் நிற்கும் கனத்த பைலைத் திறக்க உத்தரவிட்டுவிட்டு, எழுந்துபோய் டீ குடித்து, அரசியல் பேசித் திரும்பிவந்தால் லட்சுமியின் கிரீடம் வரை தெரிந்திருக்கும். நல்ல புராசஸர் கிடைத்தால் உண்மையிலேயே வாழ்த்தக்கூடிய ஜீவன் அந்த ஊரில் அவர் ஒருவரே. அவருக்கு ஒன்று வாங்கித் தரலாகாதா என்று கேட்டதற்கு, அண்ணாச்சி நிஜமான ஆச்சரியத்தோடு, "அவன் என்ன கேமா ஆடுறான்?" என்றார்.

முடிவில் சென்னை ரிச்சித் தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிவரும் பொறுப்பு மருமகனிடமே வந்து சேர்ந்தது. அவன் ஐ-பைவையும், தரமான கார்டையும், 144 ஹெர்ட்ஸ் மானிட்டரையும் வாங்கி, மீதியில் டிசைனர் கணிப்பொறிக்கு ராமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டுவிட்டு, மாமாவின் ஆப்செட் மிஷினிலேயே, வேறொரு பட்டாசு லேபிளின் ஓரத்தில் மிஞ்சிய இடத்தில், ஒன்பது என்று பெரிதாக நீலத்தில் ஒரு ஸ்டிக்கர் ஓட்டி எடுத்து, யு.வி. கோட்டிங்கும் கொடுத்து, கேபினட்டின் நெற்றியில் ஒட்டிவைத்தான்.

சாமானைப் பார்வையிட வந்த அண்ணாச்சி கேபினட்டைத் திறக்கவில்லை. திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மடியிலிருந்த லென்ஸை எடுத்து ஸ்டிக்கரின்மேல் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பரிசோதித்தார். மருமகனுக்கு வியர்த்தது.

"புராசஸர்லாம் நல்லாத்தான் பண்ணுறான். லேபிள் மட்டும் எவன்கிட்டயோ குடுத்து ஏமாந்திருக்கான்; நீலத்துல ரெஜிஸ்டர் அரை மில்லி தள்ளியிருக்கு பாரு. நம்மகிட்ட குடுத்திருந்தா ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு முடிச்சுக் குடுத்திருப்போம். அமெரிக்கா அட்ரஸை எடு மருமகனே, ஒரு கொட்டேஷன் போட்டு விடுவோம்."