ஐந்து வருட அனுபவம் கேட்கும் பெருந்தகைக்கு

பெறுநர்: வேலையில்லா இளைஞர்களுக்கு உதவித்தொகை அருளும் தமிழக அரசின் மேசை.

பொருள்: சும்மா இருந்ததற்கு அனுபவச் சான்று வேண்டுதல் தொடர்பாக.

ஐயா,

பேச்சிப்பாறையைச் சேர்ந்த பி.எஸ்சி. கணிதப் பட்டதாரி ஒருவன் போன வாரம் தங்கள் சன்னிதிக்கு வந்திருந்தான். அலுவலர் அவனுடைய வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு அட்டையின் தேதியை விரல்விட்டு எண்ணினார். "நாலு வருசம் பத்து மாசம்தானே ஆச்சு? அஞ்சு முடியட்டும் தம்பி." வரிசையே சிரித்தது. வேலையில்லாமல் இருப்பதிலும் அவன் ஃபெயில்.

கம்பெனிக்காரர்கள் அனுபவம் இல்லை என்று அவனை விரட்டினார்கள். தாங்கள் அப்படியா? சும்மா இருந்ததையே அனுபவமாகக் கணக்கெடுக்கும் மகான் அல்லவா! ஐந்து வருட அனுபவம் முடித்த பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பதவிக்காலம் மூன்று வருடம். வயது வரம்பு 40. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி அம்போ.

பொறியியல் முடித்த அவன் அக்காவுக்கு அந்த யோகமும் இல்லை. தொழிற்படிப்புக்காரர்களுக்குத் திட்டம் பொருந்தாது. எத்தனை வருடம் வீட்டில் இருந்தாலும் அவளுக்கு அனுபவம் ஏறாது.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர். "கூட வா மக்கா, வெளுக்கதுக்கு முன்ன கத்தி எடுத்தா வெயிலுக்கு முன்ன முடிச்சிரலாம்" என்கிறார். எப்படிப் போவான்? எந்த வேலையிலும் இல்லை என்று வருடாவருடம் தங்களுக்கு உறுதிமொழி எழுதித் தர வேண்டுமே. சிரட்டையில் நாலு சொட்டுப் பால் விழுந்தால், கஷ்டப்பட்டுச் சேர்த்த அனுபவம் பாழ். ரப்பர் கன்று வெட்டுக்கு வரவே ஏழு வருடம் ஆகும். தாங்கள் ஐந்திலேயே சுரக்கிறீர்கள்.

600 ரூபாய் என்றால் நாளுக்கு 20. குலசேகரம் போய் ஒரு சாயா குடித்துத் திரும்பினால் தீர்ந்தது.

அரசு வேலைக்கு முயலலாமே என்றால், 2024 குரூப் 4 தேர்வுக்கு அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்பு போதும் என்கிற வேலைக்குப் பட்டதாரிகள் முட்டி மோதுகிறார்கள். ஒரு நாற்காலிக்கு முந்நூறு பேருக்கு மேல். இது என்ன நியாயம்? பிள்ளையைப் படிக்கவைக்க அடகுக்குப் போன அம்மாவின் வளையல் இன்னும் திரும்பவில்லை. வட்டிக்கடைக்காரர் ஐந்து வருடம் பொறுப்பாரா?

மன்னிக்க வேண்டும், குரல் உயர்ந்துவிட்டது. அனுபவம் போதாதவன் சார்பில் எழுதுவதால் வந்த கோளாறு. தங்கள் தயாள குணத்தில் குறையேதும் இல்லை.

ஒரே ஒரு விண்ணப்பம். மாற்றுத்திறனாளிகள் பதிவு செய்து ஓராண்டு காத்திருந்தால் போதும் என்ற விதி தங்களிடமே இருக்கிறது. அந்த ஓராண்டை எல்லோருக்கும் ஆக்குங்கள். பொறியியல் படித்தவர்களையும் சேருங்கள். தொகையை ஒரு குடும்பம் அரிசி வாங்கும் அளவுக்காவது உயர்த்துங்கள். இதற்கு ஓர் அரசாணை போதும். அதைப் போடுகிறவருக்கு அனுபவம் தேவையில்லை.