பாப்பம் அண்ணை

"பாப்பம்."

இலக்கணக்காரரைக் கேட்டால் இது 'பார்ப்போம்' என்பதன் பேச்சு வடிவம், எதிர்காலத் தன்மைப் பன்மை என்று முடித்துவிடுவார். கொழும்பில், எங்கள் பாமன்கடை அண்ணையிடம் பொருள் வேறு. நானும் நீரும் ஊரும் உலகமும் சேர்ந்து பார்க்கப்போவதால் தனியாக ஒருவரும் பார்க்கத் தேவையில்லை. அண்ணை பல்வலிக்கும் பாப்பம் என்பார், மகளுக்கு வந்த சாதகத்துக்கும் பாப்பம் என்பார். பல் தானாக விழுந்தது. மகள் தானாக ஒருவரைப் பார்த்துக்கொண்டாள்.

வெள்ளவத்தையில் அவரோடு பஸ்ஸுக்கு நிற்கும் தண்டனை எனக்குப் பலமுறை கிடைத்திருக்கிறது. புறக்கோட்டைக்கு 100 வரும். "சனமாக் கிடக்கு, விடும் தம்பி. பின்னால வெறுமனே ஒண்டு வரும்." 101 வரும். அதையும் விடுவோம். காலை எட்டரை மணிக்குக் காலி வீதியில் வெறும் பஸ்ஸை எதிர்பார்க்கிற மனிதரை வேறெங்கும் நான் கண்டதில்லை.

அவர் வீட்டுக் குசினிக் குழாய் ஒழுகத் தொடங்கியது 2019 ஏப்ரலில், ஈஸ்டர் குண்டுகள் வெடித்த கையோடு. "நாடு அடங்கட்டும், பைப் பாஸைக் கூப்பிடுவம்" என்றார். நாடு அடங்கியபோது கொரோனா வந்தது. அது போனபோது டொலர் போனது. குழாயின் கழுத்தில் ஒரு சொப்பிங் பையைச் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டு, கீழே ஒரு நீல வாளி வைத்திருந்தார். பையின் மூலையில் துளி திரளும், கொஞ்சம் யோசிக்கும், பிறகு விழும். துளியும் அண்ணையைப் போலத்தான்.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அண்ணையின் பெருங்காவியம் வீடு வாங்குவது.

முதன்முதலில் அவர் வீடு பார்த்தது 1997இல். வெள்ளவத்தையில் மூன்று அறை, பல்கனியில் நின்றால் கடல் காத்து. கையில் முழுக்காசும் இருந்தது. அந்த ஒக்டோபரில் கோட்டையில் லொறிக் குண்டு வெடித்தது. "குண்டு வெடிக்கிற ஊரில ஆர் வீடு வாங்கும்? விலை விழும், பாப்பம்." விலை விழவில்லை. வடக்கிலிருந்து வந்த சனம் வாங்கிக்கொண்டேயிருந்தது.

2002இல் சமாதானம், ஏ9 பாதையும் திறந்தது. "இனி எல்லாரும் யாழ்ப்பாணம் போயிடுவினம். இஞ்ச வீடுகள் சும்மா கிடக்கும்." சனம் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்த் தேரைப் பார்த்துவிட்டு, ஒடியல் மாவோடும் பனங்கட்டியோடும் கொழும்புக்கே திரும்பி வந்து மேலும் இரண்டு வீடு வாங்கியது. 2004 டிசம்பரில் சுனாமி. "கடற்கரைப் பக்கம் இனி ஒருத்தனும் கால் வைக்கான்." அங்கேதான் மாடிக்கு மேல் மாடியாக எழும்பின. 2009இல் யுத்தம் முடிந்தது. 2002இல் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் திரும்பவும் சொன்னார். சண்டை வந்தாலும் விலை இறங்கும், சமாதானம் வந்தாலும் விலை இறங்கும். இப்படி ஒரு பொருளாதாரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் படிப்பிப்பதில்லை.

காசு வங்கியில் வைப்பிலேயே கிடந்தது. 2022 தொடக்கத்தில் 200 ரூபாயை ஒட்டி நின்ற டொலர் மே மாதம் 360இல் நின்றது. அன்று மூன்று அறைக்கு இருந்த காசு இன்று ஒரு கார் நிறுத்துகிற இடத்துக்கும் காணாது.

அதே 2022இல்தான் அண்ணைக்கு வாழ்நாள் வெற்றி கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். பெற்றோலுக்கு நான் இரண்டு இரவு காருக்குள் படுத்தேன். நுளம்பு ஒரு பக்கம், முன்காரில் பாட்டு ஒரு பக்கம். அண்ணை காரை எடுக்கவேயில்லை. "கியூ குறையட்டும், பாப்பம்." ஜூலைக் கடைசியில் கியூஆர் முறை வந்தது, காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். சில கிழமைகளில் கியூ கரைந்தது. ஒருநாள் படியில் என்னை மறித்து, "கண்டீரோ? உம்மட அவசரத்தால உமக்கு என்ன மிச்சம்?" என்றார். எனக்கு மறுமொழி இல்லை. கீழே போய்த் திறப்பைத் திருகினார். பற்றரி செத்திருந்தது. பொனற்றைத் தூக்கினால், வயர்களைக் கடித்துத் துப்பிவிட்டு ஒரு எலிக் குடும்பம் பஞ்சுமெத்தை போட்டுக் குடியிருந்தது. அண்ணை பொனற்றை மெதுவாக மூடினார். குட்டிகள் வளரட்டும் என்று நினைத்திருப்பார்.

ஒருநாள் இரவு, கரண்ட் இல்லாத நேரம், மெழுகுதிரி வெளிச்சத்தில் கேட்டேவிட்டேன். ஏன் அண்ணை, ஒருக்காலாவது துணிஞ்சிருக்கலாமே? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய அப்பா கடன்பட்டு இதே பகுதியில் வீடு கட்டி 1983 சித்திரையில் குடிபுகுந்தாராம். ஆடிக் கலவரத்தில் எரிந்துபோனது. முகாமில் சில நாள், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். "மூண்டு மாசம் தம்பி. கதவுக்கு வார்னிஷ்கூட வடிவாக் காயேல்ல. ஐயா கொஞ்சம் பொறுத்திருந்தா, எரியிறதுக்கு எங்களிட்ட வீடு இருந்திராது."

அதற்குப் பிறகு அவரைப் பகிடி பண்ண எனக்கு மனம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு.

ஏனென்றால் பொறுத்ததன் கூலியைக் கட்டுவது அண்ணை அல்ல, அவர் மனைவியான அக்கா. வாடகை வீடு மூன்றாம் மாடி, லிஃப்ற் கிடையாது. அக்காவுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. மரக்கறிப் பையோடு ஒவ்வொரு தளத்திலும் நின்று மூச்செடுத்து ஏறுவார். இந்த வருடங்களில் ஏழு வாடகை வீடுகள். ஏழு தரம் சாமிப்படங்களைத் துணியில் சுற்றிக் கட்டியதும் ஏழு தரம் ஆணி அடித்ததும் அவர்தான். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பார் அண்ணை. அக்கா பூமி கேட்கவில்லை. லிஃப்ற் உள்ள இடத்தில் இரண்டு அறை கேட்டார். இதை நகைச்சுவையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

போன கிழமை அண்ணை முடிவெட்டப் போயிருந்த நேரம் அக்கா பைப் பாஸைக் கூப்பிட்டுவிட்டார். பத்து நிமிட வேலை. பழைய வோஷரை எடுத்துக் காட்டினான். சின்ன விரல் நகமளவு, நடுவில் ஒரு வெடிப்பு. புதியதைப் போட்டுவிட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனான்.

அண்ணை வந்தார். சொப்பிங் பை இல்லாத குழாயை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். திறந்தார், பூட்டினார். குழாய் வாய்க்குக் கீழே விரலை வைத்துக்கொண்டு நின்றார். காய்ந்த விரல். அக்கா வாளியை எடுக்கக் குனிந்தார்.

"அது இருக்கட்டும், விடும்" என்றார் அண்ணை. "எவ்வளவு நாளைக்கு நிக்குதெண்டு பாப்பம்."